பெட்டிக்குள் ஓர் அம்மா

தீவு,
மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். படகில் குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தி எடுத்ததைத் தவிர உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. நீங்கள், மாமா, உங்கள் முட்டிவலி எல்லாரும் சௌக்கியமா?

இரண்டு வாரத்துக்கு ஒரு படகு. அரிசி, குடிதண்ணீர், தபால் எல்லாம் அதில்தான். அவசரத்துக்கு வயர்லெஸ் ஒன்று இருக்கிறது. யாராவது சாகக் கிடந்தால்தான் அதைத் தொடலாம் என்று நிலையத் தலைவர் முதல் நாளே சொல்லிவிட்டார். ஆகவே இனி நமக்குள் எப்போதும் ஆறிப்போன செய்திதான்.

மணல்திட்டு முழுக்க ஆலாப் பறவைகள். வெள்ளை உடம்பு, கறுப்புத் தொப்பி, காதைக் கிழிக்கும் குரல். கூடு என்று பேர்தான், மணலில் ஒரு குழி. நம் வீட்டுக் கூடம் அளவு இடத்தில் அப்படி எத்தனையோ குழிகள் வரப்போகின்றன. இவ்வளவு கூச்சலில் ஒரு குஞ்சு தன் அம்மா அப்பாவைக் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடும். மீனோடு இறங்குகிற பறவை ஒரு குரல் கொடுத்தால் அதன் குஞ்சு மட்டும் எழுந்து ஓடும், பக்கத்துக் குஞ்சு திரும்பிக்கூடப் பார்க்காது. அந்தக் குரலை அது எப்போது படிக்கிறது? பொரிந்த பிறகா, முட்டைக்குள் இருக்கும்போதேயா? என் கேள்வி அவ்வளவுதான். பட்டம் வாங்கிய பிறகு என்னை நம்பி முதல்முதலாகக் கொடுத்திருக்கும் வேலை இது.

இதைக் கண்டுபிடிப்பதற்காக ஒன்றேகால் வயசுப் பிள்ளையை ஆறு மாசம் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். சிரிப்பு வருகிறதா? எனக்கும் வருகிறது, பாதியில் நின்றுவிடுகிறது. கிளம்பின அன்று காலை என் குட்டிப் பட்டாணி உங்கள் மடியில் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தாள். போய் வருகிறேன் என்று சொன்னால் அழுவாளோ என்று சொல்லாமலே வந்துவிட்டேன். அழுதாளா? திரும்பி வரும்போது அவளுக்கு என்னைத் தெரியுமா? இந்த ஒரு பயம்தான் அக்கா எனக்கு. மற்றதையெல்லாம் சமாளித்துவிடுவேன்.

ஓரகத்திகள் என்றால் அடுப்பைப் பிரித்து வைப்பார்கள் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். நீங்கள் "குடு இங்க, போயிட்டு வா" என்று பிள்ளையையே வாங்கி வைத்துக்கொண்டீர்கள். இதற்கு என்ன சொல்வது என்று படகில் யோசித்துக்கொண்டே வந்தேன். அதற்குள் வாந்தி வந்துவிட்டது.

உங்கள் அன்புத் தங்கச்சி


வீடு,
மார்ச் 24

என் தங்கச்சிக்கு அக்கா எழுதுவது,

இங்கே எல்லாரும் இருக்க வேண்டிய இடத்தில் நலமாக இருக்கிறோம். என் முட்டி உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னது.

உன் கடிதத்தில் மூன்று பிழை. பென்சிலால் திருத்தித் திருப்பி அனுப்பலாமா என்று பார்த்தேன். இருபது வருஷமாக அச்சகத்துக்குப் பிழை திருத்திக் கொடுக்கிற கை, சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. படகுக்குப் பாரம் என்று விட்டுவிட்டேன்.

உன் மகள் அழுதாள். பொய் சொல்ல மாட்டேன். அன்றைக்கு அழுதாள், மறுநாள் கதவைப் பார்த்தாள், அதற்கப்புறம் என் செருப்பைப் போட்டுக்கொண்டு நடக்கப் பழகிவிட்டாள். அச்சகத்திலிருந்து வரும் புரூஃபை நான் சாப்பாட்டு மேஜையில் வைத்துப் பார்க்கிறேன், அவள் மேஜைக்கு அடியில் கடை வைத்திருக்கிறாள். கரண்டி வியாபாரம். என் கொழுந்தன், அதாவது உன் வீட்டுக்காரன், மின்நிலையத்தில் முறை வேலை முடித்து வந்ததும் அவளைத் தோளில் ஏற்றிக்கொண்டு தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் தன் வாயில் தண்ணீர் ஊற்றுகிறான்.

மத்தியானத் தூக்கம்தான் கொஞ்சம் தகராறு. படுக்க வைத்தால் எதையோ தேடுகிற மாதிரி தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். எனக்கு ஒரு யோசனை. பறவை கத்துவதைப் பிடிக்க மூட்டை மூட்டையாகக் கேசட் எடுத்துப் போனாயே, அதில் ஒன்றில் உன் குரலைப் பிடித்து அனுப்பேன். பாடு, பேசு, திட்டு, எதுவாக இருந்தாலும் சரி. மாமாவின் டேப் ரெக்கார்டர் சும்மாதான் கிடக்கிறது.

வெயிலில் தலையில் துணி இல்லாமல் நிற்காதே. வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


தீவு,
ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தான். மூக்குத் தோல் மட்டும் உரிந்து இரண்டாவது மூக்கு வளர்கிறது. உங்கள் எல்லாரையும், மேஜைக்கு அடியில் இருக்கும் முதலாளியம்மாவையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

நீங்கள் சொன்னதும் உடனே செய்துவிட்டேன். சாமான் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து, கேசட் ஒரு பக்கம் முழுக்கப் பாடியிருக்கிறேன். நானே கட்டின பாட்டு. "குளிக்கப் போற தவளையே, சோப்பை எங்கே வச்சே நீ?" என்று தொடங்கும். மெட்டு எங்கேயாவது கேட்டதுபோல் இருந்தால் கண்டுகொள்ளாதீர்கள். நடுவில் இரண்டு இடத்தில் குரல் உடைந்துவிட்டது, அதையும் கண்டுகொள்ளாதீர்கள்.

முட்டைகள் வந்துவிட்டன. ஒவ்வொரு கூட்டுப் பக்கத்திலும் மைக்கைப் புதைத்து, அடைகாக்கும் பறவையின் குரலைத் தனித்தனிக் கேசட்டில் பிடிக்கிறோம். குஞ்சு வெளியே வந்ததும் அதையெல்லாம் ஒலிபரப்பி, எந்தக் குரலுக்கு எது ஓடுகிறது என்று நான் பார்க்க வேண்டும். இதில் ஒரு விதி உண்டு. எந்தக் கேசட் எந்தப் பறவையுடையது என்று பார்க்கிற எனக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால், ஓட வேண்டும் என்று நான் ஆசைப்படுகிற குஞ்சு என் கண்ணுக்கு ஓடுகிற மாதிரியே தெரியும். அதனால் கூட வேலை செய்பவர் எல்லாக் கேசட்டையும் வாங்கி, மேலே வெறும் எண்ணை ஒட்டி, விவரத்தைத் தன்னிடமே பூட்டி வைத்துக்கொள்வார். அவருக்கு எண்ணுக்காரர் என்றே பெயர் வைத்துவிட்டேன். என் தண்ணீர்க் குவளையில்கூட எண் ஒட்டி வைத்திருக்கிறார் மனுஷன்.

நாளைப் படகில் கரைக்குப் போகிறார். என் பாட்டையும் அவரிடமே கொடுத்திருக்கிறேன், கட்டித் தபாலில் போடச் சொல்லி. பட்டாணிக்குப் போட்டுக் காட்டுங்கள். "இது யாரு?" என்று கேளுங்கள். என்ன சொன்னாள் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
தங்கச்சி


வீடு,
மே 2

அன்புத் தங்கச்சிக்கு,

நலமே. உன் மூக்குக்கு எண்ணெய் தடவு.

நீ அனுப்பிய கேசட் வந்து சேர்ந்தது. மத்தியானம் சாப்பாடானதும் பட்டாணியைப் படுக்க வைத்துப் போட்டேன். சட்டென்று எழுந்து உட்கார்ந்துவிட்டாள். கண் இவ்வளவு பெரிசு. "யாரு?" என்று அவளே என்னைக் கேட்டாள். "அம்மா" என்றேன். டேப் ரெக்கார்டர் பக்கத்தில் போய், அதன் முகத்தில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டாள். அந்தப் பக்கம் முடிவதற்குள் தூங்கிவிட்டாள்.

இப்போது தினமும் அதுதான். சாப்பிட்டு வாய் கழுவினதும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறாள். போடாவிட்டால் வீடு இரண்டாகிறது.

இந்த வாரம் அச்சகத்தில் ஒரு மருத்துவப் புத்தகம் வந்திருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் வியாதி. படித்ததில் எனக்கு நாலு இருப்பதாகத் தெரிகிறது. மாமாவுக்குப் பல்வலி. வேறு விசேஷம் இல்லை.

அக்கா


தீவு,
மே 14

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் கடிதம் இன்னும் கைக்கு வரவில்லை. போன படகில் தபால் பை ஏறவில்லையாம். அதனால் கேசட் வந்ததா, அவள் கேட்டாளா, ஒன்றும் தெரியாமலே எழுதுகிறேன்.

அக்கா, நான் வந்துவிடலாம் என்று இருக்கிறேன்.

குஞ்சுகள் பொரியத் தொடங்கிவிட்டன. நேற்று, பொரிந்த அன்றே ஒரு குஞ்சுக்கு எண்ணுக்காரர் கேசட்டைப் போட்டார். உடம்பு இன்னும் காயவில்லை, நிற்கத் தெரியவில்லை, ஆனாலும் ஸ்பீக்கரை நோக்கித் தவழ்ந்து போனது. நான் மறைப்புக் கூடாரத்துக்குள் கண்ணில் தூரநோக்கியை வைத்துக்கொண்டு, எழுத வேண்டியதை எழுதாமல் அழுதுகொண்டிருந்தேன். முட்டைக்குள்ளிருந்தே கேட்ட குரலாக இருந்தாலும், அந்தப் பறவை அங்கேயே இருப்பதால்தானே குஞ்சுக்கு அந்தக் குரல் நிலைக்கிறது. நான் எங்கே இருக்கிறேன்?

நிலையத் தலைவர் கெட்டவர் இல்லை. கூப்பிட்டு உட்கார வைத்து, "போறதா இருந்தா இப்பவே சொல்லிடும்மா. தப்பா நினைக்க மாட்டேன். வேற ஒருத்தர் காத்துக்கிட்டு இருக்கார், அவர் முடிச்சுக் குடுப்பார்" என்றார். போனால் இந்த வேலை அந்தக் காத்திருப்பவர் பெயரில் வரும். எனக்கு இன்னொன்று கொடுப்பார்கள் என்பது என்ன நிச்சயம்? பிள்ளைக்காரி பாதியில் ஓடிவிடுவாள் என்று எனக்குப் பின்னால் வரப்போகிறவளையும் சேர்த்துச் சொல்வார்கள். எல்லாம் தெரிகிறது. ஆனாலும் பெட்டியைக் கட்டிவிட்டேன். அடுத்த படகில் உங்கள் கடிதம் வரட்டும், பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன். இல்லாவிட்டால் கடிதத்துக்குப் பதில் நானே வந்து நிற்பேன்.

தங்கச்சி


வீடு,
மே 22

தங்கச்சிக்கு,

உடம்பெல்லாம் இருக்கட்டும், முதலில் விஷயம்.

கட்டின பெட்டியைப் பிரி.

முந்தின கடிதம் இதோடு சேர்ந்தே உனக்குக் கிடைக்கலாம், அதனால் திரும்பவும் எழுதுகிறேன். கேசட் வந்தது. உன் மகள் ஒரு மத்தியானம்கூடத் தவறாமல் அதைக் கேட்டுத்தான் தூங்குகிறாள். கேசட் ஓடத் தொடங்கினால் "அம்மா" என்கிறாள். போன வாரம் எதிர்வீட்டுக்காரி வந்திருந்தபோது, அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் டேப் ரெக்கார்டரைக் காட்டி "அம்மா" என்று அறிமுகப்படுத்தி வைத்தாள். அவளுக்கு அம்மா இருக்கிறாள், எங்கேயோ இருக்கிறாள், தினமும் வருகிறாள். இதைவிட என்ன வேண்டும்?

தேடுகிறாளா என்றால் தேடுகிறாள்தான். தேடட்டும். தேடுகிற பிள்ளை மறக்கவில்லை என்று அர்த்தம்.

நான் கல்யாணமாகி வந்த வருஷம் எனக்கு ஆசிரியப் பயிற்சியில் இடம் கிடைத்தது. "வீட்டை யார் பாத்துப்பா?" என்று ஒரு கேள்வி வந்தது. பதில் சொல்ல ஆளில்லை, போகவில்லை. அதற்காக உட்கார்ந்து அழுகிறவள் இல்லை நான். ஆனால் உனக்கு அந்தக் கேள்வி வந்தபோது பதில் சொல்ல நான் இருந்தேன். அதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குத் தெரியாது. அதைக் கெடுக்காதே.

மாமாவின் பல்லைப் பிடுங்கியாயிற்று. சாப்பிடு, தூங்கு, பறவையைப் பார்.

அக்கா


தீவு,
ஜூன் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்றுதான் எழுத வேண்டும். நலமா என்று எனக்கே தெரியவில்லை.

உங்கள் இரண்டு கடிதமும் ஒரே படகில் வந்தன. படித்துவிட்டுப் பெட்டியைப் பிரித்தேன். அன்றிலிருந்து எனக்குள் ஒரு தெம்பு. மத்தியானம் ஒரு மணி ஆனால் "இப்போது கேட்டுக்கொண்டிருப்பாள்" என்று நினைத்துக்கொள்வேன், வெயில் உறைக்காது.

நேற்று நடந்ததைக் கேளுங்கள். கூடாரத்துக்குள் நான். எண்ணுக்காரர் ஒரு குஞ்சுக்கு எதிரே ஸ்பீக்கரை வைத்துவிட்டு, தூரப் போய்ப் பதினேழாம் எண் கேசட்டை ஓட விட்டார். ஆலாவின் குரல் வரவில்லை. "குளிக்கப் போற தவளையே, சோப்பை எங்கே வச்சே நீ?" என்று என் குரல் திட்டு முழுக்க முழங்கியது. பறவைகள் எல்லாம் ஒரே நேரத்தில் வாயை மூடின. அந்தக் குஞ்சு மணலோடு மணலாகத் தட்டையாய்ப் படுத்துவிட்டது. ஆபத்து வந்தால் அவை அப்படித்தான் படுக்கும். எண்ணுக்காரர் நிறுத்தத் தெரியாமல் நிற்கிறார். இரண்டாவது சரணம் வரைக்கும் போனது.

ஓடிப் போய்க் கேட்டேன். பழக்க தோஷத்தில் என் கேசட்டுக்கும் எண் ஒட்டியிருக்கிறார். கட்டும்போது பக்கத்தில் இருந்ததை எடுத்து உங்களுக்கு அனுப்பியிருக்கிறார். "எல்லாம் ஒரே மாதிரி இருந்துச்சுங்க" என்றார், பாவம், முகம் வெளிறிப்போய்.

அக்கா, அப்படியானால் உங்களிடம் இருப்பது ஒரு பறவையின் குரல். ஒரு பக்கம் முழுக்க வெறும் கிறீச் கிறீச். நீங்கள் என்னத்தை எழுதினீர்கள்? தினமும் கேட்கிறாள், கன்னத்தை வைத்துப் படுக்கிறாள், அம்மா என்கிறாள் என்றீர்களே. என்னைச் சமாதானப்படுத்தக் கட்டின கதையா எல்லாம்? அந்தக் கதையை நம்பித்தான் நான் பெட்டியைப் பிரித்தேன். கோபமாக எழுதுகிறேன், மன்னியுங்கள். கோபம் உங்கள் மேலா, எண்ணுக்காரர் மேலா, என் மேலா என்று தெரியவில்லை. என் பிள்ளை ஒரு நாள்கூட என் குரலைக் கேட்கவில்லை, அது மட்டும் தெரிகிறது.

இன்னொன்றும் எழுத வேண்டியிருக்கிறது. அந்தக் கேசட் எனக்குத் தேவை. அதில் இருக்கிற ஜோடியின் முதல் முட்டையை நண்டு தின்றுவிட்டது. இரண்டாவது முட்டை அடுத்த மாச நடுவில் பொரியும். அந்தக் குரல் இல்லாவிட்டால் அந்தக் கூடு வீண். தயவுசெய்து திருப்பி அனுப்புங்கள்.

தங்கச்சி


தீவு,
ஜூன் 29

அன்புள்ள அக்காவுக்கு,

படகு வந்தது. உங்கள் கடிதம் இல்லை. உங்கள் கொழுந்தனாரின் கடிதம் மட்டும் இருந்தது. வழக்கம்போல நாலு வரி, அதில் மூன்று வரி வானிலை. நாலாவது வரியில் "அண்ணி எழுதுவாங்க" என்று இருந்தது.

நான் எழுதியது உங்களைக் குத்தியிருந்தால் அதை எடுத்துவிடுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

தங்கச்சி


வீடு,
ஜூலை 4

என் தங்கச்சிக்கு,

இங்கே யாருக்கும் ஒன்றுமில்லை. போன படகுக்கு எழுதாததற்குக் காரணம் கோபம் இல்லை, வேலை. என்ன வேலை என்று கீழே சொல்கிறேன்.

கேசட் வந்த பிறகு நான் எழுதின கடிதங்கள் உன்னிடம் இருக்கும். எடுத்துப் படி. "பாட்டு" என்று எங்கேயாவது எழுதியிருக்கிறேனா? "உன் குரல்" என்று எழுதியிருக்கிறேனா? நீ அனுப்பிய கேசட் வந்தது, கேட்டாள், தூங்கினாள். அவ்வளவுதான். அதில் ஒரு வரி பொய் என்று காட்டு, பார்க்கலாம்.

போட்ட முதல் நாளே தெரிந்துவிட்டது. நீ பாடி நான் கேட்டிருக்கிறேன். சுமாராகப் பாடுவாய் என்று தெரியும், அவ்வளவு மோசமாகப் பாட மாட்டாய். மாமா பல்வலியை மறந்து சிரித்தார். உன் வீட்டுக்காரன், "அண்ணி, தப்பா வந்திருக்கு. உடனே எழுதிடலாம்" என்றான். நான் சிரித்து முடிப்பதற்குள் பட்டாணி எழுந்து உட்கார்ந்து "யாரு?" என்று கேட்டுவிட்டாள். என்ன சொல்வது? தீவிலிருந்து வந்திருக்கிறது, அவள் அம்மா உட்கார்ந்து கேட்கிற அதே சத்தம், அவள் அம்மா கைப்பட மைக் வைத்துப் பிடித்தது. "அம்மா" என்றேன். அதைப் பொய் என்று நான் இன்றுவரை நினைக்கவில்லை.

உனக்கு எழுதாமல் விட்டது வேறு விஷயம். எழுதத்தான் இருந்தேன். பிழையைக் கண்டால் கோடு போடாமல் விட்டதே இல்லை நான். பட்டாணி அன்றைக்கு அப்படித் தூங்கினதைப் பார்த்துவிட்டு, அடுத்த கடிதத்தில் எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். அதற்குள் பெட்டியைக் கட்டிவிட்டேன் என்று நீ எழுதினாய். எழுதியிருந்தால் நீ படகு ஏறியிருப்பாய். அதனால் தெரிந்தே விட்டேன். மன்னிப்பெல்லாம் கேட்கப் போவதில்லை. திரும்ப அப்படி வந்தாலும் விடுவேன்.

இப்போது அந்த வேலை. கேசட்டை உனக்கு அனுப்ப வேண்டும், ஆனால் அது இல்லாமல் மத்தியானத்தை ஓட்ட முடியாது. எதிர்வீட்டுக்காரியிடம் இன்னொரு டேப் ரெக்கார்டர் வாங்கி வந்து, இரண்டையும் எதிரெதிரே வைத்து, கதவு ஜன்னலைச் சாத்தி, பட்டாணி தூங்கும்போது ஒன்று பாட இன்னொன்றில் பிடித்தேன். முதல் தடவை மாமா தும்மினார். இரண்டாவது தடவை குக்கர் கூவியது. மூன்றாவது தடவை இந்தக் குட்டி விழித்துக்கொண்டாள். நான்காவது தடவைதான் சுத்தமாக வந்தது, அது எங்களுக்கு.

இந்தப் பொட்டலத்தில் இரண்டு இருக்கிறது. சிவப்பு நூல் கட்டினது உன் பறவை, உன் வேலைக்கு. கட்டாதது அந்த மூன்றாவது தடவை, உனக்கு. வேலை நேரத்தில் கேட்காதே.

அக்கா


தீவு,
ஜூலை 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலம், நலம். வீட்டில் அத்தனை பேருக்கும், குக்கர் உட்பட, என் அன்பு.

சிவப்பு நூல் கேசட் தக்க சமயத்துக்கு வந்தது. எண்ணுக்காரர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். குஞ்சு எழுந்து ஓடியது அக்கா. மற்ற எந்தக் குரலுக்கும் அசையாதது இதற்கு மட்டும் இறகு முளைக்காத சிறகை விரித்துக்கொண்டு ஓடியது. கூடு வீண் போகவில்லை. நிலையத் தலைவர் என் குறிப்புகளைப் பார்த்துவிட்டு, "அடுத்த வருஷத் திட்டத்தையும் நீங்களே எழுதிக் குடுங்க" என்றார். "குடும்பத்தோட வர்ற மாதிரி கரையில ஒரு வீடு பாப்போம்" என்றும் சொன்னார். நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்.

நூல் கட்டாத கேசட்டை அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து கேட்டேன். பறவை கத்துகிறது. கட்டில் கிறீச்சிடுகிறது. நீங்கள் "அடிப் பாவி, முழிச்சிட்டியா" என்கிறீர்கள். பறவை திரும்பக் கத்துகிறது. அப்புறம் பட்டாணி, தூக்கக் குரலில், "ம்மா" என்கிறாள். பறவை கத்த, அவள் பதில் சொல்ல, அந்தப் பக்கம் முடிகிற வரைக்கும் இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள்.

எத்தனை தடவை கேட்டேன் என்று சொல்ல மாட்டேன். ஜூன் மாசம் நான் எழுதின கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். நீங்கள் விட்டுவைத்த அந்தப் பிழைக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்? சும்மா சொல்லிவிடுகிறேன். நன்றி அக்கா.

செப்டம்பர் முதல் வாரம் பறவைகள் கிளம்பிவிடும். நானும்.

தங்கச்சி


வீடு,
செப்டம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கூடப்பிறந்த தங்கச்சி வீட்டில் எல்லாரும் சுகமா? அவர் குழந்தைகளை விசாரித்ததாகச் சொல்லுங்கள். கோபம் தீரவில்லை, ஆனாலும் விசாரிக்கிறேன். ஆறு மாசம் கழித்து நான் வீட்டுக்குள் காலை வைக்கிறேன், நீங்கள் முந்தின நாள் வண்டி ஏறிப் போயிருக்கிறீர்கள். "தங்கச்சியைப் பாக்கணும்னு திடீர்னு கிளம்பிட்டா" என்கிறார் மாமா, என் முகத்தைப் பார்க்காமல். அவருக்குப் பொய் சொல்ல வராது.

நடந்ததை எழுதுகிறேன். கதவைத் திறந்ததும் பட்டாணி என்னைப் பார்த்தாள். எவ்வளவு உயரமாகிவிட்டாள். ஓடிப் போய் மேஜைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு "பெரிம்மா" என்று கூப்பிட்டாள். நான் தரையில் உட்கார்ந்தேன். பொம்மையை நீட்டினேன், வாங்கிக்கொண்டு திரும்பிக்கொண்டாள். தவளைப் பாட்டைப் பாடினேன். யாரோ ஒரு மாமி வந்து பாடுகிறாள் என்ற மாதிரி மரியாதையாகக் கேட்டாள். உங்கள் கொழுந்தனார் வாசலில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் ஆனது. சாப்பிட்டாள், வாய் கழுவினாள், கட்டிலுக்குப் போனாள். இவர் டேப் ரெக்கார்டரைப் போடப் போனார். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். ஆறு மாசம் ராப்பகலாகக் கேட்ட குரல் அக்கா, தொண்டைக்குத் தானாக வரும். கூடாரத்துக்குள் போரடித்தால் நானும் எண்ணுக்காரரும் போட்டி போட்டுக் கத்துவோம். மீனோடு இறங்குகிற ஆலா எப்படிக் கூப்பிடுமோ, அப்படிக் கூப்பிட்டேன்.

எழுந்து உட்கார்ந்தாள். டேப் ரெக்கார்டரைப் பார்த்தாள். கட்டிலிலிருந்து இறங்கிப் போய் அதன் முகத்தில் காதை வைத்தாள். ஒன்றும் இல்லை. நான் இன்னொரு தடவை கூப்பிட்டேன். மெதுவாகத் திரும்பினாள். என்னிடம் நடந்து வந்தாள். வந்து, என் தொண்டையில் கையை வைத்தாள். நான் மூன்றாவது தடவை கூப்பிட்டபோது அந்தக் கை அதிர்ந்திருக்க வேண்டும். என் முகத்தை அப்போதுதான் முழுசாகப் பார்த்தாள்.

"அம்மா," என்றாள். கேள்வியாக இல்லை.

என் மடியிலேயே தூங்கினாள். கால் மரத்துப்போய்விட்டது, நான் அசையவில்லை.

நீங்கள் ஏன் போனீர்கள் என்று அப்போது புரிந்தது. நீங்கள் இருந்திருந்தால் உங்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருப்பாள். ஒளிய இடமில்லாமல் செய்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். இதையும் ஒரு கடிதத்தில்கூட எழுதாமல். எனக்கு வேலையையும் காப்பாற்றிக் கொடுத்து, பிள்ளையையும் காப்பாற்றிக் கொடுத்து, அவளைத் திருப்பிக் கொடுக்கிற நேரத்தில் இடத்தையும் காலி செய்துவிட்டுப் போனவருக்கு நான் என்ன எழுதுவது?

இப்போது வேறு தொல்லை. கண் விழித்ததும் வீடு முழுக்க உங்களைத் தேடுகிறாள். மேஜைக்கு அடியில் கடை மூடியே கிடக்கிறது. உங்கள் செருப்பைத் தூக்கிக்கொண்டு அலைகிறாள். நீங்கள் வரத் தாமதமாகும் என்றால் உங்கள் குரலைப் பிடித்து ஒரு கேசட் அனுப்புங்கள். மேலே எண் எதுவும் ஒட்ட வேண்டாம். "பெரியம்மா" என்று கொட்டை எழுத்தில் எழுதுங்கள்.

உங்கள் தங்கச்சி


செப்டம்பர் 13

தங்கச்சிக்கு,

எல்லாரும் சௌக்கியம். கடிதத்தில் இந்த முறை ஒரே ஒரு பிழை. கடைசிப் பக்கத்தில் மை கரைந்திருக்கிறது, அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

கேசட் அனுப்பப் போவதில்லை. வெள்ளிக்கிழமை காலை வண்டியில் நானே வருகிறேன். கடையைத் திறந்து வைக்கச் சொல்லி முதலாளியம்மாவிடம் சொல். என் செருப்பை எங்கேயும் தொலைத்துவிட வேண்டாம் என்றும் சொல்.

ஒரு விஷயம். அந்தப் பறவைக் கேசட்டை, இனி எதற்கு என்று எடுத்து உள்ளே வைத்துவிடாதே. இங்கே என் தங்கச்சி வீட்டில் மத்தியானம் ஒரு சத்தமும் இல்லை. ஒரு வாரமாக எனக்குத் தூக்கமே வரவில்லை.

அக்கா